ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன்

"ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன். இதுக்கு மேல எதுவும் வேணாம் மாமா" என்றுதான் மச்சினன் சொன்னான். சொன்ன பேச்சு மாறவில்லை. ஆனால் அந்த மூன்றையும் வைப்பதற்காகக் கொக்கியின் வீட்டு முன்னறையிலிருந்து கட்டில் போயிற்று, துணிப்பெட்டி போயிற்று, பிள்ளைகள் எழுதும் பலகை போயிற்று. எல்லாம் சமையலறைக்குள் போய் அடைந்தன. கொக்கியின் மனைவி அடுப்புக்கும் கட்டில் காலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து சமைத்தாள். தம்பிக்காக என்றால் அவள் தலைகீழாக நின்றும் சமைப்பாள்.

கொக்கி சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கியைச் சாப்பிடும்போதுகூட இடுப்பை விட்டு எடுக்காததால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கூலிக் கணக்கில் மட்டும் இருந்தது.

மச்சினனுக்கு வெளிநாட்டுக் காசை வாங்கி விற்கும் தொழில். ஒரு நாட்டுக் காசு ஏறும், இன்னொரு நாட்டுக் காசு இறங்கும். ஏறுவதற்கு முன் வாங்கிப் போட்டு, இறங்குவதற்கு முன் தள்ளிவிட வேண்டும். எல்லாம் போனிலேயே, காசைக் கண்ணால் பார்க்கக்கூடத் தேவையில்லை. அதை எப்படிச் செய்வது என்று வீடியோ போட்டான், கட்டணம் கட்டியவர்களுக்குப் பாடமும் நடத்தினான். மற்ற வாத்தியார்கள் ஆறு திரை, சுழல் நாற்காலி, குளுகுளு அறை என்று காட்ட, இவன் வெறும் சுவரைக் காட்டினான். எளிமையாக இருக்கிறவன்தான் ஜெயிப்பான் என்பது அவன் பாட்டு.

அதுதான் வினையாகப் போயிற்று. ஆறு திரை வேண்டும் என்று சொல்லியிருந்தால் கிடங்கு ஆட்கள் சிரித்துவிட்டு மூட்டையைப் பார்க்கப் போயிருப்பார்கள். போன் போதும் என்றதும் அவனவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். போன் இருந்தது. அப்புறம் என்ன, பாதி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் சேர்ந்தவன் சோடா.

சோடாவுக்கு மூக்கின் மேல் சோடாப் புட்டி அடியைப் போல இரண்டு கண்ணாடி. அவனும் கொக்கியும் ஜோடி. ஒருவன் லாரியில் நின்று தூக்கிவிட, மற்றவன் முதுகில் வாங்கிப் பலகை வழியாக இறங்கிக் கிடங்குக்குக் கொண்டுபோவான். கை வலித்தால் மாற்றிக்கொள்வார்கள். கல்யாணம் கட்டினவளைவிட அதிக நேரம் ஒருவன் மூச்சை ஒருவன் கேட்டவர்கள்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவன் கூலியிலும் கொஞ்சம் பிடித்து மேஸ்திரி சேர்த்து வைப்பார். அதை எடுக்க வேண்டுமானால் ஆள் கேட்டால் மட்டும் போதாது, அவனுடைய ஜோடி வந்து 'குடுக்கலாம்' என்று சொல்ல வேண்டும். எப்போதோ ஒருத்தன் மொத்தத்தையும் வாங்கிக் குடித்துத் தீர்த்து, அவன் பெண்டாட்டி குழந்தையோடு கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அப்படி.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில் சோடா நகர்ந்து வந்து கொக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"எதுக்கு?"

"உன் மச்சினனுக்குப் பொண்ணு பாக்கப் போறேன். எதுக்குன்னு கேக்கிறான் பாரு."

"கண் ஆபரேஷனுக்கு வீட்ல வெச்சிருந்தியே, அது?"

சோடா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தான். "போச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான். தப்பு என்னுது. ஏறும்னு அமுக்க வேண்டிய இடத்துல இறங்கும்னு அமுக்கிட்டேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. உன் மச்சினன்கிட்டப் போய்க் கேட்டேன். 'அண்ணே, முறை சரிதான், உங்க கண்ணுதான் சரியில்ல'ன்னுட்டாரு."

"அப்ப முதல்ல கண்ணைப் பாரு."

"கண்ணைப் பாக்கத்தான்யா காசு கேக்கிறேன். விட்டதைப் பிடிச்சிட்டு ஆஸ்பத்திரில போய்ப் படுத்துடுவேன். இன்னைக்கே வேணும். இன்னைக்கு விட்டா சனி ஞாயிறு சந்தையை மூடிடுவான்."

கொக்கி வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் இருந்தான்.

"ஞாயித்துக்கிழமை மூடியிருக்குமா?"

"முதல் பாடமே அதான். பகல் பூரா உலகத்துக்கே லீவு. வாத்தியாரை வீட்ல வெச்சுக்கிட்டு என்னைக் கேக்கிறியே."

கொக்கிக்குக் கிடைக்கிற ஓய்வு நாள் ஞாயிறு ஒன்றுதான். மச்சினனின் முதல் வீடியோவுக்கு விளக்குப் பிடித்தவன் அவன். வெளிச்சம் ஆடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மூட்டைக்குக் கீழே நிற்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். போன் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. "உங்க கண்ணு முன்னாடியே பாருங்க, இப்ப, இந்த நிமிஷம்" என்று மச்சினன் பேசினான். தன் ஒரு மாதக் கூலி இந்த நேரத்துக்குள் விளைந்துவிட்டதே என்று கொக்கிக்கு அன்று மலைப்பாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் சோடா சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல்.

சொல்லாமலும் இருக்கலாம். மச்சினன் தரும் வாடகையில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஓடுகிறது. சொன்னால் வீட்டுக்குள் அடுப்பு எரியாது, வேறு ஏதாவது எரியும். கொக்கி சோற்றை விழுங்கினான்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

"என்னது?"

"மேஸ்திரிகிட்டச் சொல்ல மாட்டேன். அந்தக் காசை அதுல போடாதே. அவன் காட்டினது நிஜம் இல்ல. அந்த முதல் வீடியோ எடுத்தது ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல. விளக்குப் பிடிச்சது நான். சந்தையே இல்லாத நாள்ல கோடு எப்படி ஏறும்?"

சுற்றியிருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள். சோடா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தான்.

"அப்ப அது என்ன கோடு?"

"எனக்கு என்ன தெரியும். ஞாயித்துக்கிழமைங்கிறது தெரியும்."

"விளக்குப் பிடிச்சது நீ."

"ஆமா."

"நான் சேர்றதுக்கு முன்னாடி."

"ஆமாடா."

"பிடிச்சிட்டு இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையா? என் காசை நான் கேக்கிற அன்னைக்குத்தான் உனக்குக் கிழமை ஞாபகம் வருதா?"

"இப்ப நீ சொல்லித்தான்யா தெரியும். சனி ஞாயிறு மூடுவான்னு."

எதிரே உட்கார்ந்திருந்த ஒட்டகம் சிரித்தான். கழுத்து நீண்டு முன்னால் வளைந்த ஆள்; ஜோடிக்காரன் வேறு வேலைக்குப் போய்விட்டதால் சில நாளாகத் தனியாகக் கிடந்தான். அவனும் மச்சினனிடம் பாடம் கேட்கிறவன். சின்னதாக ஒரு லாபம் பார்த்து, அதைப் பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சினன் வாடகையைக் குறைச்சிட்டாரோ என்னவோ" என்றான் ஒட்டகம்.

எல்லோரும் சிரித்தார்கள். போட்ட காசு பொய்யாகப் போகாமல் இருக்க அந்தச் சிரிப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. சோடா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொக்கிக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

"நாம கீழேயே கிடக்கணும்னு நினைக்கிறான்" என்றான் சோடா. கொக்கியிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான். "நான் வேற ஜோடி பாத்துக்கிறேன்."

மேஸ்திரி கெட்டவர் இல்லை. வழக்கம் தெரிந்தவர், அவ்வளவுதான். கொக்கி அவரிடமும் போய் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான். "குடும்பச் சண்டையை இங்க கொண்டு வராதப்பா" என்று அவர் கையமர்த்தினார். பிறகு ஒட்டகத்தைப் பார்த்தார்.

"இவன் இனிமே உன் ஜோடி. குடுக்கலாமா?"

"தாராளமா குடுக்கலாம்."

அவ்வளவுதான். காசு சோடாவின் போனுக்குப் போனது. அவன் சுவரோரம் நின்று, போனை ஒட்டகத்திடம் நீட்டினான். "எனக்குத் தெரியல. நீ பாத்து அமுக்கு." ஒட்டகம் கழுத்தை இன்னும் வளைத்து அமுக்கினான். இரண்டு பேரும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் சோடா போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஜோடி இல்லாதவனுக்கு மூட்டை இல்லை. கொக்கியின் கையில் மேஸ்திரி துடைப்பத்தைக் கொடுத்தார். சிந்தியதைக் கூட்டும் வேலை, பாதிக் கூலி. வீட்டுக்குப் போனால் மனைவி பாதிக் கூலியைப் பற்றி முதலில் கேட்பாளா, தம்பியைப் பற்றி முதலில் கேட்பாளா என்று நினைத்தபடி கூட்டினான். செய்தி அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். சோடாவே மச்சினனுக்குப் போன் செய்திருப்பான்.

லாரியில் ஒட்டகம் தூக்கிவிட, சோடா வாங்கிக்கொண்டு திரும்பினான். பலகை லேசாகக் கோணிக் கிடந்தது. ஒட்டகம் அதற்குள் குனிந்து அடுத்த மூட்டையில் தன் இரும்புக் கொக்கியைக் குத்திக்கொண்டிருந்தான். சோடாவின் கால் பலகையைத் தேடிக் காற்றில் ஆடியது.

"இடது பக்கம் வை" என்றான் கொக்கி, துடைப்பத்தோடு நின்று.

சோடாவின் கால் அந்தரத்தில் நின்றது. முதுகு மூட்டையின் பாரத்தில் நடுங்கியது. அவன் தலையைத் திருப்பவில்லை.

"ஒட்டகம்" என்று கூப்பிட்டான். "நீ சொல்லு. அவன் சொல்லி நான் நடக்க வேணாம்."

ஒட்டகம் நிமிர்ந்து எட்டிப் பார்த்தான். "இடதுதான்யா" என்றான்.

அதற்கப்புறம்தான் சோடா காலை வைத்தான்.