ரோஜாப்பூச் சட்டி

பெரியகருப்பனுக்குப் பழைய சாமான் என்றாலே குமட்டும். பொன்னமராவதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர் அவர். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று வருகிற புதுப் பாத்திர வாசனைதான் அவருக்குச் சந்தனம். யாரோ தின்ற தட்டு, யாரோ குடித்த தம்ளர், யாரோ படுத்துச் செத்த கட்டில், இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி நடுக்கூடத்தில் வைக்கிறவர்களைப் பார்த்தால், இவர்களுக்கெல்லாம் மூக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும் அவருக்கு.

அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்குத் திருமயத்துக்குப் பக்கத்து ஊரில், ஒரு பெரிய வீட்டின் கூடத்தில், பழைய சலூன் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். முதுகு சாய்மானத்தில் பட்டுவிடக் கூடாதென்று விறைத்துக்கொண்டு, விளிம்பில் தொற்றியிருந்தார். எத்தனை தலை எண்ணெய் இந்தத் தோலில் ஊறியிருக்கும், எத்தனை பேர் சிரங்கைச் சொறிந்துகொண்டு இதில் சாய்ந்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க அவருக்குக் கழுத்து அரித்தது.

வீட்டுக்காரி பிரகதீஸ்வரி. அவள் மகன் நிலவழகனுக்குத்தான் பெரியகருப்பனின் ஒரே மகள் அழகுவைப் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண், மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கிற வழக்கம் இவர்கள் பக்கம் கிடையாது. "அதெல்லாம் அந்தக் காலம் அண்ணே. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, வந்து வீட்டப் பாக்கட்டும்" என்று போனில் சொல்லிவிட்டாள் பிரகதீஸ்வரி. அவளுக்கு வழக்கம் மட்டும்தான் பழசாக இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் பழசாக இருந்தால்தான் பிடிக்கும்.

வந்ததிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தாள். சுவர் நிறைய எனாமல் தூக்குவாளிகள், கிளிப்பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ ஊதா என்று வரிசையாகத் தொங்கின. பிஸ்கட் டின்களில் செடி வைத்திருந்தாள். மண்ணெண்ணெய் பம்பு ஒன்றுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்தாள். பெரியகருப்பனுக்கு அந்தத் தூக்குகளுக்குள் யார் யாருடைய புளித்த தயிர்சாதமோ இன்னமும் நொதித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கெழமையானா எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளாதுண்ணே" என்றாள் அவள். "விடியுறதுக்குள்ள காரை எடுத்துட்டுக் கெளம்பிருவேன். அந்தா பாருங்க, அந்தப் பச்சைக் கண்ணாடி வெளக்கு. கட்டுமாவடியில ஒரு ஒடஞ்ச படகுக்குள்ள கெடந்துச்சு. மேல ஒரு முழம் அழுக்கு. தொடச்சுப் பாத்தா உள்ள மரகதமாட்டம் மின்னுது. அப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும் பாருங்க, அந்தச் சொகம் நகைக்கடையில கெடைக்காதுண்ணே. ஆனா மூஞ்சியில காட்டிக்கிறக் கூடாது. காட்டுனா வெலைய ஏத்திருவான்."

"அப்படிங்களா" என்றார் பெரியகருப்பன். விளக்கிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. வரவில்லை என்றாலும் அவருக்கு வந்தது.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு ஒரே காரணம் மகள் அழகு. அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அப்பா வாதம் வந்து மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்தார். மனைவி காமாட்சி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் கிழவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, அள்ளிக் கொட்டின வேலை முழுக்க அழகுவின் தலையில் விழுந்தது. அந்த வருஷங்களில் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்காருவார்கள், உள்ளறையிலிருந்து வாடை வரும், காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அவர்களைக் குறை சொல்லப் பெரியகருப்பனுக்கு வாய் இல்லை. அவரே அந்த அறை வாசலைத் தாண்டியதில்லை. மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "அப்பா, சாப்டீங்களா?" என்று நிலைப்படியிலேயே நின்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

அப்பா போனதும், காரியம் முடிந்த கையோடு, பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு அந்த அறையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். கட்டில், மெத்தை, சட்டி, பேசின் எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளையடித்து, பினாயில் ஊற்றிக் கழுவி, புது பீரோ வாங்கி வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் வந்த வரன் நிலவழகன். அழகு அவனிடம் போனில் பேசும்போது சிரிக்கிறாள். காமாட்சி போனதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டதே இல்லை. இந்த இடம் தட்டிப்போனால் இனி அவள் சிரிக்க மாட்டாள் என்று பெரியகருப்பன் பயந்தார். அதற்காக சலூன் நாற்காலி என்ன, சுடுகாட்டுப் பெஞ்சில்கூட உட்காரத் தயாராக இருந்தார்.

நிலவழகன் நீலக் கிண்ணங்களில் கும்மாயம் கொண்டுவந்து வைத்தான். உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டி ஊற்றி, நெய் விட்டுக் கிண்டிய கும்மாயம் கருப்பாக, கொழகொழவென்று, நெய் மினுங்க இருந்தது. பெரியகருப்பனுக்கு உயிர். காமாட்சி கையால் சாப்பிட்டது, அதோடு சரி. ஒரு வாய் வைத்ததும் தூக்கு, டின், விளக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கிண்ணத்தை வழித்து நாக்கில் தடவிக்கொண்டு, "தங்கச்சி, கைமணம்னா இதான்" என்றார்.

"இருங்கண்ணே, இன்னுங் கொஞ்சம் வைக்கிறேன்" என்று உள்ளே போன பிரகதீஸ்வரி, சட்டியோடு வந்து அதை மேஜை நடுவில் வைத்தாள்.

வெள்ளை எனாமல் சட்டி. வயிற்றைச் சுற்றி ரோஜாப்பூக் கொடி. நீல விளிம்பு. ஒரு பக்கம் காது மாதிரி ஒற்றைப் பிடி. அடியில் எனாமல் பெயர்ந்து ரூபாய் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு வடு. மூடி நடுவில் சிவப்பாக ஒரு கட்டைக் குமிழ்.

"இதுதாண்ணே இந்த வீட்லயே எனக்குப் பொக்கிசம்" என்று மூடியைத் தடவினாள் பிரகதீஸ்வரி. "திருமயத்துல பழைய சாமான் கடையில மூலையில கவுந்து கெடந்துச்சு. வெளிநாட்டுல சூப்பு ஊத்தி வைக்கிற சட்டி. இந்தக் குமிழப் பாருங்க, பர்மாத் தேக்கு."

பர்மாத் தேக்காவது மண்ணாவது. காமாட்சியின் தையல் பெட்டியில் கிடந்த நூல்கண்டுக் கட்டை அது. மூடியில் குமிழ் உடைந்துபோய் கிழவரின் நடுங்கும் கைக்குப் பிடி கிடைக்கவில்லை என்று அழகுதான் அதைப் பொருத்தி, நெயில் பாலிஷ் பூசினாள். மூன்று வருஷம் காலை காபி குடிக்கும் நேரத்தில் அந்தச் சட்டி அவரைக் கடந்து கொல்லைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கண் பார்த்துத்தான் வைத்திருந்தது.

கட்டிலோடு கிடந்தவருக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் அதுதான் சட்டி.

நாக்கில் ஒட்டியிருந்த இனிப்பு அப்படியே நாறியது. பெரியகருப்பன் மகளைப் பார்த்தார். அழகு கிண்ணத்தை இன்னும் தொடவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார் அவர்.

"என்னம்மா, சாப்பிடலையா? புடிக்கலையா?" என்றாள் பிரகதீஸ்வரி.

"சாப்பிடு ஆத்தா" என்றார் பெரியகருப்பன். சொன்ன மாத்திரத்தில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. பெற்ற மகளை எந்தச் சட்டியிலிருந்து தின்னச் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அழகு கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "அத்தை, மன்னிச்சுக்கங்க. இது எங்க அப்பாவப் பெத்த ஐயாவோட சட்டி. அவுக படுக்கையில கெடந்தப்ப கட்டிலுக்கு அடியில வச்சிருந்தது."

பிரகதீஸ்வரியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. "கட்டிலுக்கு அடியிலயா? என்னத்துக்கு?"

நிலவழகன் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தான்.

"அட, இல்லிங்க தங்கச்சி!" என்று பெரியகருப்பன் பாய்ந்தார். "அது வேற, இது வேற. அவளுக்கு ஐயா மேல பாசம் சாஸ்தி. எதப் பாத்தாலும் அவரு ஞாபகம் வந்துரும். வைங்க, எனக்கு வைங்க இன்னுங் கொஞ்சம்!" கிண்ணத்தை நீட்டினார். அவள் யோசிப்பதைப் பார்த்து, தானே சட்டிக்குள் கரண்டியை விட்டு அள்ளினார். அள்ளி வாய்க்குள் போட்டு மென்றார். மெல்லுவதற்குக் கும்மாயத்தில் ஒன்றுமில்லை. இருந்தும் மென்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "என்னா ருசி" என்றார்.

அழகு அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "மூடியத் திருப்பிப் பாருங்கத்தை" என்றாள். "உள்ள ஒரு ஊதாப் பட்டன் வச்சுக் கம்பி கட்டியிருக்கும். என் ஸ்கூல் யூனிபார்ம் பட்டன்."

பிரகதீஸ்வரி மூடியைத் திருப்பினாள். ஊதாப் பட்டன் இருந்தது. மூடி கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே அவள் ஓங்கரிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தேடித் திரிந்த ஆனந்தமெல்லாம் வாஷ்பேசினில் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சு" என்று பெரியகருப்பன் முனகினார். "ஒரு நிமிசம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல ஆத்தா."

"மூணு வருசத்துல ஒரு நா இதத் தொட்டதில்லப்பா நீங்க" என்றாள் அழகு. "இன்னைக்கு எனக்காக இதுல அள்ளித் திங்கிறீங்க."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பேச்சுக்குப் பதிலாக வயிறு மேலே வந்தது. கீழே பளபளவென்று பூப்போட்ட தரை, மடியில் பட்டு வேட்டி. எழுந்து ஓட நேரமில்லை. அழகு ஒரே எட்டில் வந்து ரோஜாப்பூச் சட்டியை எடுத்து அவர் தாடைக்குக் கீழே பிடித்தாள்.

"இதுல எடுங்கப்பா."

பெரியகருப்பன் எடுத்தார். குடலே வந்துவிடும்போல இருந்தது. அவள் ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். கை இதமாக, பழக்கப்பட்டதாக இருந்தது. அப்பாவுக்கு இப்படித்தான் பிடித்திருப்பாள் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. வாசலில் நின்றவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

நிலவழகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவனும் ஒரு கிண்ணம் தின்றிருந்தான்.

அழகு அவர் வாயைத் துடைத்துவிட்டாள். மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள். "கொல்லையில கொழா எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

"அங்கிட்டு" என்று கை காட்டினான் நிலவழகன். பிறகு காட்டின கையை அப்படியே நீட்டினான். "குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க அப்பாவப் பாருங்க."

"நாறும்" என்றாள் அழகு.

"நாறட்டும்" என்று சட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான். முகத்தைச் சுளிக்கத்தான் செய்தான். ஆனால் திருப்பிக்கொள்ளவில்லை.

பெரியகருப்பன் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சலூன் நாற்காலியில் முதுகு முழுவதும் படும்படி சாய்ந்து உட்கார்ந்தார்.