தூக்கம் மாதிரி

எங்கள் ஆய்வகத்தில் ‘தூக்கம்’ என்று எழுதினால் பேராசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். ‘தூக்கம் போன்ற நிலை’ என்றுதான் எழுத வேண்டும். பிறக்காத குட்டியைக் கேட்கவா முடியும், கோடுகள்தான் சாட்சி என்பார்.

சினை ஆடு கொட்டிலில் நின்று அசைபோடும். அதன் விலாவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி திரைக்கு வரும். உள்ளே குட்டியின் கண் துடித்தால் கோடு துள்ளும். தாய்க்கு வலிப்பு மருந்து கொடுத்த அன்று துள்ளல் அடங்கிக் கோடு தட்டையாகக் கிடந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

“என்ன மருந்துடி?”

“உன் மாத்திரைக்கு ஒன்றுவிட்ட தம்பி.”

அக்கா சிரித்தாள். கண் மட்டும் அந்தத் தட்டைக் கோட்டிலேயே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கரைந்தது. அக்காவின் மாத்திரைகள்.

“என்னக்கா இது?”

“செடிக்கும் வலிப்பு வரக்கூடாதுல்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். முன்பு அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தபோது பட்ட சூட்டின் தழும்பு.

“டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரே.”

“மாத்திரை போட்டா உள்ள அசைவே குறையுதுடி. அம்மாவைக் கேட்டா நல்லா தூங்குதுங்கறாங்க. உன் மாமாவும் அதையேதான் சொல்றார். நீ படிச்சவ, சொல்லு. தூங்குதா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். நாக்கு நுனி வரை வந்தது.

“தெரியலக்கா. தூங்குற மாதிரி இருக்கலாம். மருந்தோட வேகம் இறங்கினதும் ஆட்டுக்குட்டிக்குக் கோடு மறுபடி துள்ளுச்சு. உன் பிள்ளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ விழுந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. அது தெரியும்.”

அக்கா ஒரு குச்சியால் தொட்டி மண்ணைக் கிளறினாள்.

டாக்டருக்கு போன் செய்தேன். அசைவு குறைந்தால் அன்றே வந்திருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டு, உடனே வரச் சொன்னார். பரிசோதனையில் குழந்தையின் இதயத் துடிப்பு சீராக இருந்தது. மாத்திரையை விடவே கூடாது, அசைவு குறைந்தால் நேரம் பார்க்காமல் வா என்றார்.

வீடு திரும்பியதும் அக்கா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மத்தவங்கல்லாம் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்த மாதிரி பேசறாங்க. நீதான் தெரியலன்னே,” என்றாள். “அதனால நீ சொன்ன ஆபத்தையும் நம்பறேன்.”

விழுங்கினாள். பிறகு என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“துள்ளினா சொல்லு.”

“மருந்து வேகம் இறங்கட்டும்க்கா.”

“இறங்கட்டும்.”

கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.