அடுப்பு உள்ளுக்கு

கணவனின் வான் வண்டியில், தான் வழக்கமாக இருக்கும் முன்சீற்றில், கணவனின் தமையன் விநாயகமூர்த்தி ஏறி இருந்தபோதே சந்திரவதனாவுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அவரை யாரும் வரச் சொல்லவில்லை. வோபர்னிலிருந்து பஸ் எடுத்து அவர்களின் வீடு இருக்கும் மில்லிக்கனுக்கு வந்து, "இப்பிடியான சாமான் வாங்கப் போகேக்க ஒரு ஆம்பிளை கூட நிக்க வேணும், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தானே கதவைத் திறந்து ஏறி பெல்ற்றையும் போட்டுக்கொண்டார். மகள் அட்சயா ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி தாயைப் பார்த்தாள். சந்திரவதனா பின்னால் ஏறினாள்.

கணவன் வாகீசன் போன மாரிக் குளிரில் இறந்துபோனார். வேலைத்தளத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்தவர், நெஞ்சு நோகிறது என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். சாவதற்கு முந்திய கோடையில் ஒஷாவாவிலுள்ள ஒரு கடையில், வானுக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற, உள்ளே படுக்கக்கூடிய சின்ன ட்ரெயிலர் ஒன்றுக்குப் பதிந்து வைத்திருந்தார். தொழிற்சாலையில் இப்போதுதான் முறை வந்திருக்கிறது. உள்ளே என்னென்ன வேண்டும் என்று இன்றைக்குள் முடிவாகச் சொல்லாவிட்டால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடைக்காரன் போன் எடுத்திருந்தான்.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "வருசம் திரும்பி ஆட்டத்திவசம்கூட முடியேல்லை. உது இப்ப என்னத்துக்கு?" என்று விநாயகமூர்த்தி கேட்டார். அவள் எடுக்கத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் கதையை மாற்றினார். "சரி, எடுக்கிறதெண்டால் எல்லாருக்கும் உதவுற மாதிரி எடுப்பம்."

எல்லாருக்கும். அந்தச் சொல்லை அவள் நெடுஞ்சாலை முழுவதும் வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு வந்தாள்.

கடையில் மாக்கஸ் என்ற விற்பனையாளன் அவர்களை எதிர்கொண்டான். இளம் ஆள், நல்ல மரியாதை. வாகீசனின் சாவுக்கு அவளிடம் துக்கம் சொன்னான். சொல்லி முடித்த கையோடு விநாயகமூர்த்தியின் பக்கம் திரும்பி, இதற்கு முன் ட்ரெயிலர் இழுத்துப் பழக்கமா என்று கேட்டான்.

"என் அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்," என்றாள் அட்சயா ஆங்கிலத்தில். "பெரியப்பாவிடம் லைசென்ஸே இல்லை."

மாக்கஸ் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டான். பழக்கதோஷம் போலும். சோலார் தகடு வேண்டுமா என்று கேட்க விநாயகமூர்த்தி ஓம் என்றார். சந்திரவதனாவும் ஓம் என்றாள். பக்கவாட்டில் விரிக்கிற நிழல்கூரைக்கும் சண்டை வரவில்லை. சுவரில் மடித்து வைக்கக்கூடிய இரண்டு தட்டுக் கட்டிலுக்கு வந்தபோது, "அது கட்டாயம் போடு, பேரப்பிள்ளையள் படுக்கும்" என்றார்.

"ஆற்றை பேரப்பிள்ளையள்?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"என்ரைதான். உன்ரை பெட்டை இன்னும் கலியாணமே கட்டேல்லையே."

"அப்ப அவையின்ரை அப்பா ஒண்டு வாங்கட்டும். தட்டுக் கட்டில் வேண்டாம்."

அடுத்தது கழிப்பறை. மெத்தையின் கீழிருந்து இழுத்தெடுக்கிற ஒரு சிறு பெட்டிதான் அது. விநாயகமூர்த்தி முகத்தைச் சுளித்தார். "படுக்கிற இடத்துக்குள்ளை கக்கூசோ? சீ. பார்க்கிலை பொதுவிலை கட்டி வைச்சிருக்கிறாங்கள்தானே."

"இருட்டுக்குள்ளை அங்கை போகேக்க கரடி வந்தால் நீங்கள் காவலுக்கு வருவியளோ, அண்ணை?"

அட்சயா சிரிப்பை அடக்கப் பெரியப்பாவுக்கு முதுகைக் காட்டினாள். கழிப்பறை போடுவதென்று முடிவானது.

பிறகு மாக்கஸ் அவர்களைக் காட்சிக்கு வைத்திருந்த ட்ரெயிலரின் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனான். பின்மூடியை மேலே தூக்கினான். அதற்குள் இரட்டை அடுப்பு, கழுவுகிற தொட்டி, கரண்டி வைக்கிற லாச்சி. சமைக்கிறவர் மூடியின் கீழே, நிலத்தில் நின்று சமைக்க வேண்டும். படுக்கை முழுவதும் அடுப்புக்கு அப்பால், சுவருக்கு மறுபக்கம்.

"இதுதான் சாமான்," என்றார் விநாயகமூர்த்தி. "ஒருக்கா எல்லாருமாப் போய் இறங்கினால் உதிலை நிண்டு ஒரு ஆட்டுக்கறி, கொத்துரொட்டி... என்ன பிள்ளை, உன்ரை கைக்கு..."

சந்திரவதனா மூடியின் கீழே போய் நின்றாள். தலைக்கு ஒரு சாண் மேலே தகரம். முதுகுப் பக்கம் வெளி.

இந்த இடம் அவளுக்குத் தெரியும். மில்லிக்கன் வீட்டின் கராஜில் அவளுக்கு இப்படி ஒரு அடுப்பு இருக்கிறது. வீட்டுக்குள்ளே பெரிய சமையலறை, கல் பதித்த மேசை, பளிங்கு மாதிரி ஒரு அடுப்பு. அதில் தேநீரும் பாலும் மட்டும்தான் காய்ச்சுவார்கள். மீன் பொரிக்க, கறி தாளிக்க, தூள் வறுக்க எல்லாம் கராஜ். உடுப்பு மணக்கும், ஒஃபிசில் மூக்கைச் சுளிப்பார்கள் என்று வாகீசன் சொன்னதால் வந்த ஏற்பாடு. தெருவில் பாதித் தமிழ் வீடுகளில் அதே ஏற்பாடு. தை மாதத்தில் ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கராஜ் கதவைக் கொஞ்சம் தூக்கி விட்டுவிட்டு, காலுக்குள் பனி பறந்து வர அவள் மீன் பொரித்திருக்கிறாள். பொரித்த மீனைத் தட்டில் வைத்து மூடி, உள்ளே சூட்டில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

ஒருமுறை இருபது பேராக ஒரு ஏரிக்கரைக்குப் போனார்கள். கூடாரம் அடித்த நேரம் முதல் கழற்றிய நேரம் வரை அவள் காஸ் அடுப்போடு நின்றாள். ஆண்கள் பியரோடு நாற்காலிகளில் சாய்ந்திருந்து அரசியல் பேசினார்கள். பிள்ளைகள் குளித்தார்கள். ஏரித் தண்ணீர் குளிரா சூடா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. திரும்பி வரும்போது அவள் ஒரு சொல் பேசாமல் வந்தாள். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் வாகீசன் வானை ஓரமாக நிற்பாட்டினார்.

"அடுத்தமுறை நீரும் நானும் மட்டும்தான்," என்றார். "ஒரு சின்ன ட்ரெயிலர் எடுப்பம். அடுப்பு உள்ளுக்கு. மழை பெய்தாலும் நீர் இருந்த இடத்திலை இருந்து ஏரியைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி போடலாம்."

அந்த வாக்கைத்தான் அவள் இன்றைக்கு எடுத்துப் போக வந்திருந்தாள்.

"அடுப்பு உள்ளே வேண்டும்," என்று மாக்கஸிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்த மூடி வேண்டாம்."

மாக்கஸ் கொஞ்சம் தயங்கினான். செய்யலாம், அதே விலைதான் என்றான். ஆனால் உள்ளே அடுப்பு வைத்தால் இடம் போய்விடும். இருவர் படுக்கிற கட்டில் ஒருவர் படுக்கிற கட்டிலாகிவிடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

"உங்கள் கணவரும் முதலில் இதையேதான் கேட்டார்," என்றான், ஆறுதல் சொல்கிற நினைப்பில். "அடுப்பு உள்ளே வேண்டும், மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். கட்டில் சுருங்கும் என்று நான் சொன்னதும் நன்றாக யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு, சரி, அடுப்பை வெளியே வை என்றார். 'அவளுக்கு வெளியே நின்று சமைத்துப் பழக்கம்தான்' என்றார்."

பக்கத்தில் யாரோ ஒரு ட்ரெயிலரின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழக்கம்தான்," என்று சந்திரவதனா தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"தம்பி எனக்கும் சொன்னவன்," என்றார் விநாயகமூர்த்தி. "அண்ணை, பின்னுக்குப் பெரிய கிச்சின் வைக்கிறன், எல்லாரும் வரலாம் எண்டவன். அவன் ஆசைப்பட்டதை மாத்தாதை, பிள்ளை."

"எனக்கு ஒரு கதை. உங்களுக்கு ஒரு கதை. கடைக்காரனுக்கு இன்னொரு கதை."

"செத்த மனிசனைப் பற்றி உப்பிடிக் கதைக்கக் கூடாது."

"அவர் செத்தபடியால்தான் உங்களிட்டைக் கதைக்க வேண்டிக் கிடக்கு. இருந்திருந்தால் அவரிட்டையே கேட்டிருப்பன்."

அட்சயா தாயின் கையைப் பிடித்தாள். மகளின் கண் நிறைந்துவிட்டது. "அம்மா, லிசின். அவர் உங்களோடை ஒண்டாப் படுக்கத்தானே அப்பிடிச் செய்தவர். தற்ஸ் லவ், அம்மா. உங்களுக்கு அது விளங்கேல்லையா?"

"விளங்குது. நல்லா விளங்குது. அவ்வளவு லவ் எண்டால் அவர் வெளியிலை நிண்டு சமைச்சிருக்கலாம். நான் கட்டில்லை படுத்திருந்து சாப்பிட்டிருப்பன்."

"யூ ஆர் பீயிங் சோ மீன்."

"ஓம்."

மாக்கஸுக்கு மொழி விளங்காவிட்டாலும் சண்டை விளங்கியது. அவசரமில்லை, போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்றான். பிறகு, உதவி செய்கிற எண்ணத்தில்தான், இன்னொன்றும் சொன்னான். உள்ளே காரமான சமையல் செய்தால் மெத்தையில் மணம் ஏறிவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது. பின்னால் விற்கும்போது வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

அவன் பாவம். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லை அவள் எத்தனையோ மாரிகாலமாகக் கேட்டுவிட்டாள்.

"மணக்கட்டும்," என்றாள் ஆங்கிலத்தில். அவளுடைய பஸ்ஸில் கடைசிச் சீற்றுப் பையன்களை அடக்குகிற குரல் அது. "மெத்தையில் மணக்கட்டும். சுவரில் மணக்கட்டும். அதற்குள் படுக்கப் போகிறவள் நான். நான் விற்கப் போவதில்லை. நான் செத்தபிறகு வாங்குகிறவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்." பிறகு விநாயகமூர்த்தியைப் பார்த்து, "மணக்கட்டும் எண்டு சொன்னனான், அண்ணை" என்றாள்.

"இங்கிலிசு எனக்கும் விளங்கும்," என்றார் அவர். போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். கண்ணாடிக்கு வெளியே நின்று, மகனை ஒஷாவாவுக்கு வந்து தன்னை ஏற்றிப் போகச் சொல்வது உள்ளே கேட்டது.

மாக்கஸ் கணினியில் மாற்றினான். அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற விசிறி வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டான்.

"போடு. என் கண் எரியாமல் இருக்க."

கட்டிலைச் சுருக்குவதற்கு மட்டும் தனியாக ஒப்பம் வைக்க வேண்டுமாம். தொழிற்சாலையில் வெட்டத் தொடங்கினால் திருப்ப முடியாது. பேனையை வாங்கிக்கொண்டு அவள் காட்சி ட்ரெயிலருக்குள் எட்டிப் பார்த்தாள். அகலக் கட்டில். இரண்டு தலையணைகள் அருகருகே. வாகீசன் இருந்திருந்தால் கதவுப் பக்கம் அவருடையது. இரவில் எழும்புகிறவர். அவளைச் சுவரோடு தள்ளிவிட்டு, பாரமான காலைத் தூக்கி அவள் மேலே போட்டுக்கொண்டு தூங்குவார். எடுக்கச் சொன்னால் தூக்கத்திலேயே மன்னிப்புக் கேட்பார்; எடுக்க மாட்டார். அந்தக் காலின் பாரத்தை நினைத்ததும் அவளுக்கு ஒப்பம் வைக்க மனம் வரவில்லை. பேனையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, பிளீஸ்," என்றாள் அட்சயா. "அப்பான்ரை இடம் அது."

தாய் தன் பக்கம் சாய்கிறாள் என்று மகள் நினைத்தாள். சந்திரவதனா கட்டிலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டிலை எடுத்தால், மழையில் மூடியின் கீழே நின்று ஒருத்திக்குச் சமைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து கதவைத் திறந்து, ஏறி, அந்த வெறும் பாதிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும். இருட்டில் கையை நீட்டினால் குளிர்ந்த துணி. அவருக்குக் கட்டிலும் கிடைக்கவில்லை, அவளுக்கு அடுப்பும் கிடைக்கவில்லை என்று ஆகிவிடும்.

அவள் பேனையை எடுத்து ஒப்பம் வைத்தாள். அட்சயா வெளியே போய்விட்டாள்.

தரிப்பிடத்தில் மகள் வானில் சாய்ந்து நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உங்களோடை வந்தால் எங்கை படுக்கிறது?"

"கூடாரம் அடி. நீ இஞ்சை பிறந்தனிதானே, உங்களுக்கு உது விருப்பம்."

மகள் சிரிக்கவில்லை. "வேணுமெண்டுதான் அப்பாவை வெளியிலை விட்டிட்டீங்கள்."

"அவர்தான் என்னை வெளியிலை விட்டவர்." சந்திரவதனாவின் குரல் உயர்ந்தது. "எனக்கு அந்த ஆளோடை கோவம், அட்சயா. எல்லாரும் வந்து அழுறியள், நானும் அழுதன். ஒருத்தரும் என்னைக் கோவிக்க விடேல்லை. அவர் இருந்திருந்தால் இண்டைக்கு வீட்டை போய்ச் சன்னதம் ஆடியிருப்பன். கதைக்காமல் விட்டிருப்பன். அவர் அறை வாசல்லை தேத்தண்ணியோடை வந்து நிண்டிருப்பார். பிறகு கடைக்குப் போன் எடுத்து அடுப்பை உள்ளுக்கு வையடா எண்டு சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார், அம்மா. கட்டாயம்."

"நீ அவற்றை பிள்ளை. நீ கேட்டால் மாத்தியிருப்பார். நான் கேட்டு மாத்தியிருப்பாரோ?"

"மாத்தியிருப்பார்."

"உனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே தெரியாது. இத்தனை வருசம் ஒரு கட்டில்லை படுத்தும் தெரியாது. இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

பக்கத்து வரிசையில் காருக்குள் ஏறப்போன கணவனும் மனைவியும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அட்சயா தாயின் தோளைத் தொட்டு, "அம்மா, ஆக்கள்" என்றாள்.

"பாக்கட்டும்," என்றாள் சந்திரவதனா. "ஆரிட்டைக் கேக்கிறது, சொல்லு?"