அம்சல்ஹோஃப் வீட்டின் மாடிப்படி

பாலாம்பிகைக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். அவள் பேர்லினுக்கு வந்து சேர்ந்த அடுத்த வருடம், 1999இல், 'அம்சல்ஹோஃப்' தொடங்கியது. ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் நான்கு குடும்பங்களின் கதை. கிழமை நாட்களில் மாலை ஆறேகாலுக்கு வரும். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வேலைக்கும் போக முடியாமல் இருந்த அந்த நாட்களில், நகரின் நொய்கெல்ன் பகுதியில் ஓர் ஒற்றை அறைக்குள் உட்கார்ந்து, தொடரில் வரும் பெர்க்மன் அம்மாள் சொல்வதையெல்லாம் அவள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். கதவைச் சாத்து, குளிர் வருகிறது. சூப் ஆறுகிறது. என்னிடம் பொய் சொல்லாதே.

மொழி பிடிபடத் தொடங்கியதும் அவளுடைய கவனம் கதையை விட்டு வீட்டுக்குப் போனது. பெர்க்மன் குடும்பத்தின் வீடு அவளுக்குப் பொருந்தி வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவள் படவரைஞராக இருந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, அரச அலுவலகம் ஒன்றில் மதகுகளையும் கட்டடங்களையும் நான்கு வருடம் வரைந்திருக்கிறாள். ஓர் அறைக்குள் நுழைந்தால் சுவர்களின் நீளத்தைக் கண்ணால் அளந்துவிடுவது அவளுடைய பழக்கம். தொலைக்காட்சியில் பார்த்த அறைகளையும் அப்படித்தான் அளந்தாள். சமையலறைத் தரையில் பதித்த ஓடுகளை எண்ணினாள். கதவின் உயரத்தை வைத்துச் சுவரின் உயரத்தைக் கணக்கிட்டாள். கட்டக் கொப்பி ஒன்றை வாங்கி, அந்த வீட்டின் தளப்படத்தை வரைந்தாள்.

வரைந்தது ஒரு மாதம்கூடச் சரியாக இருக்கவில்லை. ஒருநாள் கூடத்தில் இரண்டு ஜன்னல் இருந்தது, அடுத்த வாரம் ஒன்றுதான். குளியலறைக்குப் போகும் கதவைத் திறந்து பெர்க்மன் வீட்டு மகன் நிலவறைக்கு இறங்கிப் போனான். பாலாம்பிகை ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டுப் புதிய பக்கத்தில் வரைந்து வைத்தாள். பிறகு அவளுக்குச் சுத்திகரிப்பு வேலை கிடைத்தது. காலை நாலரைக்கு எழும்பி அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். மாலை ஆறேகாலுக்குக் கொப்பியோடு உட்காருவது மட்டும் நிற்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் பதினேழு கொப்பிகள் நிறைந்தன.

சில புதிர்களை அவளே அவிழ்த்தாள். பெர்க்மன் வீட்டுச் சமையலறையும் எதிர்வீட்டு மருத்துவரின் அறையும் உண்மையில் ஒரே இடம் என்பதை ஒரு ஹீட்டர் காட்டிக்கொடுத்தது. இரண்டு அறையிலும் ஹீட்டரின் மூன்றாவது மடிப்பில் ஒரே அளவில் பெயின்ட் உரிந்திருந்தது. சுவர்த்தாளையும் மேசையையும் மாற்றிவிட்டு, ஓர் அறையை இரண்டாக ஓட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் கைதட்டிச் சிரித்ததில் கணவர் செல்வராசா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"என்னப்பா, ஆருக்கு என்ன நடந்தது?"

"டொக்டற்ற அறை குசினியப்பா!"

செல்வராசா ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர். மனைவியின் கொப்பிகளைப் பற்றி அவர் வெளியே யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் கொப்பி முடியும் தறுவாயில் புதியதொன்றை வாங்கி வந்து மேசையில் வைப்பார்.

அவிழாத புதிர் ஒன்று இருந்தது. மாடிப்படி. தொடரின் தொடக்கப் பாடல் ஓடும்போது, பெர்க்மன் அம்மாள் படியின் அடியில் கைபிடியைப் பிடித்தபடி நிற்பார், பின்னால் கணவர் கோட்டோடு நிற்பார். அந்தக் காட்சியில் படி வலப்பக்கம் ஏறும். 2002இல் அவர்கள் பெரிய ஸ்டூடியோவுக்கு மாறிய பிறகும் படி வலப்பக்கமே இருந்தது. ஆனால் முதல் மூன்று வருடங்களில், படியை முழுதாகக் காட்டாத அந்தக் காலத்தில், மாடியிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் கூடத்துக்குள் இடப்பக்கமிருந்தே வந்தார்கள். வலப்பக்கம் ஏறிய ஆள் இடப்பக்கம் எப்படி இறங்குவார்?

போன வருடம் மார்ச் மாதம் தொடரின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இருபத்தைந்தாம் ஆண்டுக்காக ஒரு சிறப்பு எபிசோட் எடுக்கிறார்கள். 2009இல் தொடரை விட்டுப் போன பெர்க்மன் அம்மாள் திரும்பி வருகிறார். அவருக்காக முதல் வருடத்து வீட்டை அச்சொட்டாகத் திரும்பக் கட்டப் போகிறார்கள். ஸ்டூடியோ மாறியபோது பழைய வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்றும், கலை இயக்குநர் வீகண்ட் பழைய காட்சிகளைப் பார்த்தே மாதிரியைச் செய்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தது. கீழே மாதிரி வீட்டின் படம்.

பாலாம்பிகை படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பிழை," என்றாள்.

"எது?" செல்வராசா எட்டிப் பார்த்தார்.

"எல்லாந்தான். குசினி நாப்பது சென்டிமீட்டர் அகலம் கூட. ஜன்னல் தள்ளி நிக்குது. படி வலப்பக்கம் வைச்சிருக்கினம். முதல் வருஷம் படி அங்க இல்லை."

"உவ்வளவு பெரிய கொம்பனிக்காரருக்குத் தெரியாததோ உமக்குத் தெரியும்?"

"ஓம், தெரியும்."

அவள் சொன்ன விதத்தைக் கேட்டு செல்வராசா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "அப்ப எழுதிப் போடும்," என்றார்.

இரண்டு மாலைகள் செலவழித்து அவளே ஜெர்மனில் கடிதம் எழுதினாள். முதல் கொப்பியின் நான்கு பக்கங்களைப் பிரதியெடுத்து இணைத்தாள். பத்து நாளில் வீகண்டிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். சமையலறை அளவைப் பற்றி அவள் சொன்னதைப் பார்ப்பதாக எழுதியிருந்தார். மாடிப்படியில் மட்டும் அவளுக்கு ஞாபகப் பிசகு, ஆதாரம் இதோ என்று தொடக்கப் பாடலின் காட்சியைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருந்தார். படி வலப்பக்கம். இறங்குகிறவர்கள் இடப்பக்கமிருந்து வந்தது அந்தக் கால இயக்குநர்களின் கவனக்குறைவு. மே மாதம் ரசிகர்களுக்கான திறந்த நாள், அவசியம் வரவேண்டும் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

ஞாபகப் பிசகு என்ற சொல் அவளைக் குத்தியது. ஞாபகத்திலிருந்து அவள் எதையும் எழுதவில்லை. அன்றன்று பார்த்ததை அன்றன்றே வரைந்திருந்தாள். ஆனாலும் அந்தப் படத்தில் படி வலப்பக்கம்தான் ஏறியது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து நிலத்தடி ரயிலில் வந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டு வரத்தான் இடம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஜெர்மன் பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சுரங்கத்துக்குள் ஓடும்போது ஜன்னல் கண்ணாடியில் இருவருடைய உருவமும் தெரிந்தது. கண்ணாடியில் தெரிந்த பெண்ணின் இடக்கையில் கல்யாண மோதிரம். பாலாம்பிகை சும்மா திரும்பி உண்மையான கையைப் பார்த்தாள். வலக்கை. இந்த நாட்டில் பெரும்பாலானோர் கல்யாண மோதிரத்தை வலக்கையில் போடுவார்கள். வந்த புதிதில் அவளுக்கு அது அதிசயமாக இருந்தது. அதை முதன்முதலில் கவனித்ததே பெர்க்மன் அம்மாளின் கையில்தான். கவலை வரும்போதெல்லாம் அவர் வலக்கை மோதிரத்தைச் சுற்றுவார்.

பாலாம்பிகை கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தாள். பெர்க்மன் அம்மாள் கைபிடியில் வைத்திருந்த கையில் மோதிரம் மின்னியது. அது இடக்கை.

இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டாள். திரும்பி வந்து, வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தத் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளியிலிருந்து வந்த வெயிலில் படம் தாளின் மறுபக்கம் தெரிந்தது. மோதிரம் வலக்கைக்கு வந்தது. கணவருடைய கோட்டின் பொத்தான்கள், இவ்வளவு காலமும் பெண்களின் கோட்டைப் போல மாறிக் கிடந்தவை, ஆண் கோட்டின் பக்கத்துக்குத் திரும்பின. மாடிப்படி இடப்பக்கம் ஏறியது.

"இஞ்சருங்கோ!" என்று அவள் கத்தினாள். "படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாங்களப்பா!"

செல்வராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். தாளை எடுத்துத் திருப்பினார், மறுபடி ஜன்னலில் வைத்தார். "விடக்கூடாது," என்றார். "நான் லீவு போடுறன். ரெண்டு பேருமாப் போவம்."

திறந்த நாளன்று ஸ்டூடியோ நிறையச் சனம். நடிகர்களோடு படம் எடுக்க வரிசையாக நின்றார்கள். செல்வராசா இரண்டு பைகளில் பதினேழு கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். மாதிரி வீடு வைத்திருந்த மேசையருகே வீகண்ட் நின்றார். ஐம்பது வயதுக்குள் இருக்கும், உயரமான மனிதர். பெர்க்மன் அம்மாளாக நடித்த எர்னா ஃபோக்ட் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். எழுபத்தெட்டு வயது. திரையில் பார்த்ததைவிடச் சிறிய உருவம்.

பாலாம்பிகை பெயரைச் சொன்னதும் வீகண்ட் சிரித்தார். "ஓ, மாடிப்படி!"

"ஆமாம், மாடிப்படி," என்று அவள் ஜெர்மனில் சொன்னாள். "நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். மோதிரம் எந்தக் கையில் இருக்கிறது என்று சொல்லுங்கள்."

அவர் குனிந்து பார்த்தார். "இடக்கையில்."

பாலாம்பிகை எர்னா ஃபோக்டின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் எந்தக் கையில் போட்டிருந்தீர்கள்?"

"வலக்கையில்தான்," என்றார் அவர். "முதல் எபிசோடிலிருந்தே அப்படித்தான். வலக்கையில் போட்டது, போகும்வரை கழற்றவில்லை."

பாலாம்பிகை தாளைத் திருப்பி மேசை விளக்கின் முன்னால் பிடித்தாள். கோட்டுப் பொத்தானைக் காட்டினாள். படியைக் காட்டினாள். வீகண்டின் சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. தன் டேப்லெட்டை எடுத்து, அதே காட்சியை ஒரு தட்டில் இடம் வலமாகப் புரட்டினார்.

"எழுத்து!" என்றார் எர்னா ஃபோக்ட் திடீரென்று. "தொடரின் பெயரை இடப்பக்கம் எழுதவேண்டும் என்றார்கள். அங்கே படி நின்று மறைத்தது. அதற்காகத்தான் புரட்டியிருப்பார்கள். என் வலக்கை எப்போதும் அந்தக் கைபிடியில் இருக்கும், கடைப்பை இடக்கையில். இப்போது ஞாபகம் வருகிறது!"

வீகண்ட் உட்கார்ந்தார். "அப்படியென்றால் 2002இல் புது செட்டைக் கட்டியவர்களும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் படி தவறான பக்கத்தில் நிற்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை."

"நான் கவனித்தேன்," என்றாள் பாலாம்பிகை.

செல்வராசா கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். வீகண்ட் முதலாவதைத் திறந்தார். அளவுகள், கதவு திறக்கும் திசை, ஜன்னலின் உயரம், தேதி. அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். வரிசையில் நின்றவர்கள் சிலர் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

கடைசியில் வீகண்ட், "இதை அப்படியே கட்டுகிறோம். எபிசோடின் முடிவில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்வோம். படப்பிடிப்புக்கும் விருந்தாளியாக அழைக்கிறோம்," என்றார்.

வாசல்வரை வந்த மகிழ்ச்சியை வாங்கிக்கொண்டு போய்விடலாம்தான். ஆனால் பாலாம்பிகை வேறு சொன்னாள்.

"விருந்தாளியாக வேண்டாம். வரைபடத்தை நானே வரைகிறேன். வரைஞராக, ஒப்பந்தத்தோடு."

செல்வராசா அடுக்கிய கொப்பிகளின் மேல் கையை ஊன்றினார்.

"படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் வீகண்ட்.

"இலங்கையில் சான்றிதழ் இருக்கிறது. இங்கே அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தேன். செல்லாது என்றார்கள்."

வீகண்ட் கொப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என் உதவியாளர்கள் இரண்டு பேர் ஆறு வாரம் வேலை செய்து தவறாக வரைந்தார்கள். அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறது," என்றார். "திங்கட்கிழமை வர முடியுமா?"

வெளியே வந்ததும் செல்வராசா பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் பயந்து போனன். எப்பிடி உமக்கு வாய் வந்தது?"

"எனக்கும் பயந்தான். கேக்காட்டி ஆர் தருவினம்?"

நான்கு வாரம் அவள் அங்கே வரைந்தாள். சுத்திகரிப்பு நிறுவனத்தில் விடுமுறையெல்லாம் சேர்த்து எடுத்தாள். கணினியில் வரையும் முறையைப் பக்கத்து மேசைப் பெண் காட்டிக்கொடுத்தாள். மூன்றாம் நாளே கை ஓடத் தொடங்கிவிட்டது. தச்சர்கள் சுவர்களை நிறுத்தினார்கள். இருபத்தைந்து வருடமாகக் கட்டக் கொப்பியில் இருந்த வீட்டுக்குள் ஒருநாள் காலை அவள் நடந்து போனாள். கூடத்தின் குறுக்கே ஒன்பது காலடி வைத்தாள். கணக்குப் போட்டபடியே சுவர் வந்தது.

படப்பிடிப்பு அன்று எர்னா ஃபோக்ட் கடைப்பையோடு முன்கதவைத் திறந்து உள்ளே வந்தார். அவர் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டும் குறி எதையும் இயக்குநர் தரையில் ஒட்டவில்லை. அவரே வேண்டாம் என்றிருந்தார். கீழே பார்க்காமல் நான்கு அடி நடந்தார். வலக்கை தானாக நீண்டு கைபிடியில் விழுந்தது. அப்படியே படியேறிப் போனார். காட்சி முடிந்ததும் மேலே நின்றபடி, "பாலா எங்கே?" என்று கூப்பிட்டார். படக்குழு முழுவதும் திரும்பிக் கைதட்டியது. பாலாம்பிகை விளக்குக் கம்பத்தின் பின்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

சிறப்பு எபிசோட் ஒளிபரப்பான மறுவாரம் வீகண்ட் தொலைபேசியில் அழைத்தார். தொடரில் ஒரு புதிய மருந்துக்கடை வரப்போகிறது. செட் வரைய ஆள் வேண்டும், இந்த முறை ஒரு வருட ஒப்பந்தம். பாலாம்பிகை சுத்திகரிப்பு நிறுவனத்தின் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நவம்பர் மாதம், வெறுமையான மண்டபத்தின் தரையில் மருந்துக்கடையின் சுவர்களுக்கு அடையாள நாடா ஒட்டியிருந்தது. தச்சர்கள் முதல் சுவரைத் தூக்கி நிறுத்தினார்கள். பாலாம்பிகை அளவுநாடாவோடு ஒருமுறை போய் வந்தாள்.

"நாலு சென்டிமீட்டர் இடப்பக்கம்," என்றாள்.

தலைமைத் தச்சர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். ஆறு பேர் சேர்ந்து சுவரைத் தூக்கி நகர்த்தினார்கள்.