சொல்லிட்டுப் போ

மழலையர் பள்ளியின் கூடத்தில் நாற்காலி போடுவதற்கு முன்பே அவள் வந்து நின்றுவிட்டாள். பொறுப்பு ஒன்றும் பொங்கி வழியவில்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் வாசலிலேயே மடக்கிக் காதைக் கடிக்க வேண்டியிருந்தது.

"பையனும் கூட வந்திருக்கான். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பாட்டி ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். அவன் காதுல எதுவும் விழாம பார்த்துக்குங்க."

கேட்டவர்களின் முகம் ஒரு மாதிரி ஆனது. வந்தவர்கள் எல்லாரும் டீச்சரிடம் படித்தவர்கள், இல்லையென்றால் டீச்சரிடம் பிள்ளையை விட்டவர்கள். டீச்சரின் நினைவுக் கூட்டத்துக்கு என்று கிளம்பி வந்தால், டீச்சர் சாகவே இல்லை என்று நடிக்கச் சொல்கிறாள் டீச்சரின் மகள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஆயா மட்டும்தான் வாயைத் திறந்தாள். டீச்சரோடு சேர்ந்து காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது.

"யார்கிட்ட பொய் சொல்லி வச்சிருக்கே? டீச்சர் பேரன்கிட்டயா?"

"சின்னப் பிள்ளை ஆயா. தாங்க மாட்டான்."

"அவன் தாங்க மாட்டானா, நீ தாங்க மாட்டியா?"

பதிலுக்குக் காத்திராமல் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, பொம்மைகள் இருக்கும் பின்னறைக்குப் போய்விட்டாள் ஆயா.

பையனுக்கு நாலு வயது. உருண்டு உருண்டு ஓடுவான் என்பதால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தது பாட்டிதான். அவன் பிறந்த கையோடு, "பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லம்மா" என்று மகள் கண்ணைக் கசக்கினாள். டீச்சர் மறுபேச்சு இல்லாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். இங்கே ஒரு பள்ளிக்கூடமே அழுதது. மகள் நிம்மதியாகப் பல் டாக்டரின் கிளினிக்குக்கு வேலைக்குப் போனாள்.

கிளினிக்கில் கருவிகளைக் கழுவி வைப்பதும் டாக்டருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுப்பதும் பாதி வேலை. மீதிப் பாதி, நாற்காலியில் சாய்ந்து நடுங்குகிறவர்களிடம் "கொஞ்சம்கூட வலிக்காது" என்று குழைவது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. டீச்சர் கேட்டுவிட்டுச் சிரிப்பார். "வலிக்கும், ஆனா சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொல்லேன்டி. உண்மையைச் சொன்னா பல்லு என்ன எழுந்து ஓடியா போயிரும்?"

கூட்டம் தொடங்கியது. நாற்காலிகள் பற்றாமல் பாதிப் பேர் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்தவர் ஒரு பஸ் டிரைவர். எழும்போது நாற்காலியும் அவரோடு எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"என் பொண்ணைச் சேர்த்த முதல் நாள்," என்று ஆரம்பித்தார் டிரைவர். "அது பொம்மையை வச்சு விளையாடிக்கிட்டு இருக்கு. இதுதான் சமயம்னு நைசா நழுவிட்டேன். தெருமுனைக்குப் போயாச்சு. பார்த்தா, பின்னாடியே டீச்சர் ஓடி வர்றாங்க. 'திரும்பி வாங்க சார். பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் போங்க'ன்னாங்க. 'சொன்னா அழும் டீச்சர்'னேன். 'அழட்டும். அழுற பிள்ளையை நான் பார்த்துக்குவேன். திரும்பிப் பார்த்து அப்பாவைக் காணோம்னு தேடுற பிள்ளையை என்னால ஒண்ணும் பண்ண முடியாது'ன்னாங்க. போய்ச் சொன்னேன். அது அழுத அழுகையில அன்னிக்கு பஸ் லேட்டு. மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

கூடம் சிரித்தது. "என்னையும்தான்", "என்னை மாடிப்படியில பிடிச்சாங்க" என்று நாலா பக்கமும் குரல்கள். டீச்சரின் வகுப்பில் அது சட்டம். பிள்ளையிடம் சொல்லாமல் யாரும் போகக் கூடாது. பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, பிள்ளை முன்னால் மண்டி போட்டு, அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்முன் நின்றது. அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பட்டாணியைக் கூட்டிட்டு வா."

"எதுக்கும்மா? இந்தக் குழாயெல்லாம் பார்த்தா பயந்துருவான். நீதான் வீட்டுக்கு வரப்போறியே."

"கூட்டிட்டு வாடி. அவன்கிட்ட சொல்லிட்டுப் போகணும்."

"சரி, நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்."

மறுநாள் அம்மா இல்லை. அதுகூடப் பரவாயில்லை, விதி என்று யார் தலையிலாவது போட்டுவிடலாம். ஆனால் மறுநாளும் அவனைக் கூட்டிப் போகும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. இன்னொரு 'நாளைக்கு' சொல்லியிருப்பாள். "வலிக்காது" என்று சொல்லும் அதே குரலில்தான் அதைச் சொன்னாள். அம்மாவுக்கு அந்தக் குரல் தெரியும். திட்டவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஊர்ப் பிள்ளை ஒன்றிடமும் சொல்லாமல் யாரையும் போகவிடாதவளை, சொந்தப் பேரனிடம் சொல்லாமல் போக வைத்தாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு பொய்யையும் போர்த்தியாகிவிட்டது. "கொஞ்ச நாள் போகட்டும், மெதுவா சொல்லிக்கலாம்" என்று கணவனும் ஒத்து ஊதினான். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது.

"அம்மாவைக் கடைசி வரைக்கும் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்ட மகள், இப்போ பேசுவாங்க," என்றார் தலைமை ஆசிரியை.

அவள் எழுந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். மனப்பாடம் செய்து வந்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க. நான் முதல்ல வேற ஒருத்தர்கிட்ட பேசணும்."

பின்னறையில் பட்டாணி மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஆயா எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பட்டாணி, அம்மாவைப் பாரு. பாட்டி ஊருக்குப் போகலடா. பாட்டிக்கு உடம்பு ரொம்ப முடியாம போச்சு. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க. சரியாகல. செத்துப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

அவன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்கவில்லை.

"நான் சமத்தா இருந்தாக்கூடவா?"

"என்னடா சொல்றே?"

"ஷூ போட மாட்டேன்னு உதைச்சேன்ல. பாட்டிக்குக் கோவம் வந்துச்சுல்ல. அப்புறம்தான ஊருக்குப் போயிட்டாங்க. இப்ப ஷூ எல்லாம் நானே போட்டுக்கிறேன். பாலும் குடிச்சிடுறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாரங்களில் பையனால் ஒரு தொல்லையும் இல்லை. அடம் இல்லை, அழுகை இல்லை. "என் பையன் திடீர்னு பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்று கிளினிக்கில் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். பாட்டியைத் தான்தான் விரட்டிவிட்டதாக நினைத்து, திரும்ப வரவழைக்கத் தினமும் நல்ல பிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறான். குழந்தை தாங்காது என்று எதைக் கண்ணில் காட்டாமல் வைத்தாளோ, அதைவிடப் பெரிய பாரத்தை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"உன்னால இல்லடா தங்கம். கொஞ்சம்கூட உன்னால இல்ல. பாட்டிக்கு உன்மேல கோவமே கிடையாது. உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு கேட்டாங்க. அம்மாதான் உன்னைக் கூட்டிட்டுப் போகல. அம்மா பண்ணினது தப்பு."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். கூரையே இடிந்து விழுகிற மாதிரி அழுதான். "அழாதே" என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கிப் போனது. கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அழுது ஓய்ந்ததும், அவள் தோளிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். யாரோ புது ஆளைப் பார்ப்பது போல அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னது பொய்யா?"

"ஆமா."

"நீயா பொய் சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

அவளுடைய கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப, காலையில வேலைக்குப் போறப்போ, சாயங்காலம் வந்துருவேன்னு சொல்றியே," என்றான். "அதுவும் பொய்யாம்மா?"