மேலே போட்ட பாட்டு

தர்மிகா மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒன்றரை மணிக்கு நான் எங்கள் குடியிருப்பின் நிலவறைக் கெல்லரில், கசெட்டுப் பெட்டிகளுக்கு நடுவே வியர்த்து விறுவிறுத்து நின்றேன். வெளியே மார்கழிக் குளிர். எனக்கோ சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

எந்தத் தர்மிகா என்று கேட்பவர்கள் பான் நகர ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஆள் உயரத்துக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சோல், ஃபங்க் என்று கறுப்பினத்தாரின் இசையை அவள் பாடும்போது ஒன்பது பேர் பின்னால் நின்று வாசிக்கிறார்கள். அதில் நாலு பேர் ஊதுகிறவர்கள். பள்ளிக்கூடத்து கோஸ்பல் பாடகர் குழுவில் தொடங்கி, பத்தொன்பது வயதில் தகப்பனோடு சண்டை பிடித்து பெர்லினுக்குப் போய், சின்னச் சின்னக் கிளப்புகளில் தொண்டை கிழியப் பாடி, இன்று மண்டபம் நிறைந்த ஜெர்மன்காரரை எழுப்பி ஆடவைக்கிறாள். அவள் போனபோது ‘தறுதலை’ என்று சொன்ன எங்கள் ஆட்கள்தான் இப்போது ‘எங்கட பிள்ளை’ என்று பேஸ்புக்கில் படம் போடுகிறார்கள். நானும் அதில் ஒருவன். மறைப்பானேன்?

அவளுடைய வாழ்க்கையைத் தொலைக்காட்சிக்காரர் படமாக எடுக்கிறார்கள். போன கிழமை அவளே எனக்கு போன் எடுத்தாள்.

“சிறீ மாமா, என்ர சாமத்தியவீட்டு வீடியோ நீங்கள்தானே எடுத்தனீங்கள்? அண்டைக்குத்தான் நான் முதன்முதல் மைக் பிடிச்சுப் பாடினனான். அப்பாதான் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். அது இருக்கோ?”

“ஏன் இல்லாமல்? சிறீ வீடியோவில ஒண்டும் துலையாது பிள்ளை.”

வாய்க்கொழுப்பு. வேறென்ன?

“படத்துக்கெண்டு மட்டும் கேக்கேல்லை மாமா.” அவள் குரல் தாழ்ந்தது. “நான் பெர்லினுக்குப் போய் ஆறு மாசத்தில அப்பா செத்துப்போனார். என்னோட கதைக்காமலே போயிட்டார். அவற்ற குரல் எங்களிட்ட ஒரு இடத்திலயும் இல்லை. அது எப்பிடி இருந்ததெண்டே எனக்கு மறந்துபோச்சு.”

போனை வைத்த கையோடு பழைய டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். அவள் தகப்பன் தபோதரன் அண்ணை மைக்கைப் பிடித்து வாயசைக்கிறார். கேட்பது ஒரு சினிமாக் கதாநாயகியின் டூயட். பிறகு புதிதாய்ப் பெரியபிள்ளையான பதின்மூன்று வயதுத் தர்மிகா பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக, தானே கை தட்டித் தட்டிப் பாடுகிறாள். பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ இங்கிலிஷ் பாட்டு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு ஞாபகம். டிவிடியில் அதே டூயட்டின் இரண்டாவது சரணம் போகிறது.

எங்கள் தொழில் அப்படி. மண்டபத்துச் சத்தம் என்றால் கதிரை இழுபடும், குழந்தை கத்தும், ஐயர் இருமுவார். எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு மேலே நல்ல சினிமாப் பாட்டாகப் போடுவோம். முப்பது வருடத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அப்படித்தான் ஒரு மனிதனுடைய பதிவான ஒரே குரலையும் துடைத்திருக்கிறேன். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மிஞ்சியது ஒரே நம்பிக்கை, படம் பிடித்த மூலக் கசெட். அதையும் நாங்கள் சும்மா வைத்திருப்பதில்லை. அடுத்த சனிக்கிழமைக் கலியாணத்தை அதன் மேலேயே எடுத்துவிடுவோம்.

இரண்டு மணிக்குக் கசெட் அகப்பட்டது. ‘தர்மிகா’ என்ற பெயர் வெட்டப்பட்டு, மேலே ‘நித்தியானந்தன் – சிவகௌரி’ என்று என் கையெழுத்து. மேலே ஓடிப்போய்ப் பழைய கமராவை டிவியில் பூட்டினேன். வேகமாக ஓடவிட்டேன். தாலி கட்டு, அறுகரிசி தூவல், சாப்பாடு. ஐம்பத்தோராவது நிமிடத்தில் கலியாணம் முடிந்து திரை நீலமானது. பிறகு ஒரு துள்ளல். தர்மிகாவின் மண்டபம்! அறுபது நிமிடக் கசெட்டின் வால் தப்பிக் கிடந்தது.

ஆனால் அங்கே பாட்டு முடிந்து சனமும் போயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த கமராவை யாரோ மேசையில் வைத்திருக்கிறார்கள், நானாகத்தான் இருக்கும். திரையில் வெறும் கதிரைகளும் தபோதரன் அண்ணையின் வேட்டிக்கரையும். குரல் தெளிவாகக் கேட்டது.

“தம்பி சிறீ, அவள் பாடினதை எடுத்துப்போட்டு ஏதும் நல்ல பாட்டாப் போட்டுவிடுங்கோ. சனம் சிரிச்சுப்போட்டுது. கனடாவுக்கும் கொப்பி அனுப்பவேணும். பிள்ளையின்ர குரல் அதில வரக்கூடாது.”

“ஓம் அண்ணை.” அது நான்.

பிறகு அவர் கதிரை அடுக்குகிற சத்தம், கசெட் முடியும்வரை.

இருபத்திரண்டு வருடம் இதை நான் மறந்தே போயிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி. பிழை என்னுடையது மட்டும் இல்லை. அடுத்த நிமிடமே வேறு யோசனை வந்தது. தகப்பனின் குரலைத் தேடி வருகிறவளுக்கு இதையா போட்டுக் காட்டுவது?

என் மனைவி சுந்தரேஸ்வரி கதவடியில் நின்று எல்லாம் கேட்டிருந்தாள். “என்னப்பா, அந்தப் பிள்ளை தாங்காது. கசெட் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ.”

கசெட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வாசல் மணி அடித்தது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. எங்கள் ஆட்களில் நேரத்துக்கு முன் வருகிற முதல் ஆளை அன்றுதான் கண்டேன்.

கம்பளித் தொப்பியோடு, பூச்சு எதுவும் இல்லாத முகத்தோடு வந்து சோபாவின் நுனியில் இருந்தாள். போஸ்டரில் இருப்பவள் இவள்தானா என்று இருந்தது.

“இருக்கோ மாமா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல ஏலாமல் போயிற்று.

“இருக்கு பிள்ளை. ஆனா பாட்டு இல்லை. அப்பா ஒரு கதை சொல்லுறார். நல்ல கதை இல்லை.”

“அப்பான்ர குரலோ?”

“ஓம்.”

“போடுங்கோ.”

போட்டேன். தபோதரன் அண்ணை சொல்லி முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குசினியில் சுந்தரேஸ்வரி பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதிரைச் சத்தம் தொடங்கியதும் நிறுத்துவதற்குக் கையை நீட்டினேன்.

“விடுங்கோ!” என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். தலையைச் சாய்த்துக் காதை டிவியோடு வைத்தாள். “மாமா, உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“கதிரை அடுக்குறார்.”

“கதிரை இடைக்கிடைதான் இழுபடுது. மற்றது கை.” மேசையில் தட்டிக் காட்டினாள். டொக்... டக டொக். டொக்... டக டொக். “நான் அண்டைக்குத் தட்டினது இப்பிடித்தான். சனம் சிரிச்சதும் இதுக்குத்தான். அப்பா அதைக் கதிரையில அடிக்கிறார்.”

திரும்பப் போட்டேன். இம்முறை எனக்கும் கேட்டது. மகளின் குரலை அழிக்கச் சொன்ன மனிதன், வெறும் மண்டபத்தில், ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் அவளுடைய தாளத்தைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஓரிடத்திலும் பிசகவில்லை. எனக்கு அது இத்தனை நாளும் துடைத்தெறிய வேண்டிய சத்தம்.

தர்மிகா முகத்தைத் தொப்பியால் துடைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“திரும்பப் போடுங்கோ மாமா,” என்றாள். “கொப்பி எடுக்கேக்க இதுக்கு மேல பாட்டு ஒண்டும் போட்டுடாதேங்கோ.”