மூச்சுப் பிடிக்காமல்

தேவநாதன் முப்பத்து மூன்று வருஷம் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். ஊரார் வார்த்தையை வெட்டி வெட்டி எழுதிக் கொடுத்த தாள்களையே பார்த்துப் பார்த்து, தம் பேச்சையும் அப்படியே வெட்டிக்கொண்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் "வந்தாச்சு." சாப்பிட்டு முடித்தால் "போதும்." மகன் பிறந்த சேதியைச் சொன்னபோதும் "சந்தோஷம்" என்று ஒரே வார்த்தைதான். அதை அவர் மனைவி தில்லையம்மாள் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கக்கூடிய காரியமா அது?

அறுபத்தாறாம் வருஷம் ஆடியில் தில்லையம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது. தூக்கி நிறுத்திவிட்டால் தடியை ஊன்றி நடந்துவிடுவாள். ஆனால் கட்டிலிலிருந்து தானாக எழ முடியவில்லை. தேவநாதன்தான் காலையும் மாலையும் தூக்கிவிட வேண்டும். அறுபத்தொரு வயது ஆள் எத்தனை நாள் தூக்குவார்? ஐப்பசியில் ஒருநாள் குனிந்து தூக்கியவருக்கு முதுகில் மூச்சுப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கட்டிலிலேயே சரிந்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் ஓடிவந்து பிரித்து எடுத்தாள்.

சேதி சென்னைக்குப் போயிற்று. மகன் பழனிவேல் கடிதம் போட்டான். 'பொங்கலுக்கு வரும்போது அம்மாவை அழைத்துவந்துவிடுகிறேன். எங்கள் போர்ஷனில் இடம் குறைவு, அப்பா கடலூரிலேயே இருக்கட்டும். உங்களால் தூக்க முடியாது அப்பா.'

தேவநாதன் அந்தக் கடைசி வரியை நாலு தரம் படித்தார். நாற்பது வருஷம் கூட இருந்தவள் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் தெரியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் டாக்டரிடம் போய், தூக்குவதற்குத் தேகத்தில் பலம் ஏற, "கசரத் பண்ணலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா. இடுப்ப வளைச்சுத் தூக்காதீங்க, தொடையில பலம் ஏறணும். பக்கத்துல நின்னு கவனிக்கிற வாத்தியாரா பாத்துச் சேருங்க. உங்களுக்குப் பிரஷர் இருக்கு, அதனால ஒண்ணே ஒண்ணு. மூச்சுப் பிடிக்கவே கூடாது."

"சரி" என்று வெளியே வந்துவிட்டார். தெருவுக்கு வந்த பிறகுதான் குழப்பம். மூச்சுப் பிடிப்பு வந்ததால்தானே டாக்டரிடமே போனார்? அது பிடிக்கக் கூடாது என்று முதுகுக்கு யார் போய்ச் சொல்வது? வேறு ஒருவராக இருந்தால் திரும்பிப் போய் இன்னொரு வார்த்தை கேட்டிருப்பார். இவருக்கு அந்தப் பழக்கம் ஏது!

திருப்பாதிரிப்புலியூரில் சின்னையன் வாத்தியாரின் தேகப்பயிற்சி சாலை இருந்தது. உள்ளே எண்ணெய் வாடை, மணல் குழி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கல்யாணமாகாத பையன்கள் கர்லாக் கட்டை சுழற்றிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வயதையும் கேட்கவில்லை, வியாதியையும் கேட்கவில்லை. தேவநாதனே வாய் திறந்து, "பிரஷர்" என்றார்.

"எல்லாம் வேர்வையில போயிடும், வாங்க."

"மூச்சுப் பிடிக்கக் கூடாது."

"அதுக்குத்தான் வழி இருக்கே! மூச்ச உள்ள இழுத்து, கல்லு மாதிரி அடக்கிக்கிட்டுத் தூக்கணும். அப்ப மூச்சுப் பிடிப்பு கிட்டயே வராது."

தேவநாதனுக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் இதுதான் போலும். மூச்சை அடக்கினார், இரும்புக் குண்டைத் தூக்கினார். முதுகு பிடிக்கவில்லை. ஆனால் கண்ணுக்குள் மின்மினி பறந்தது, எதிர்ச் சுவர் லேசாக ஆடியது. மூன்றாம் நாள் மணலில் மண்டி போட்டு உட்கார்ந்தேவிட்டார். "ஆரம்பத்துல அப்டித்தான்" என்றார் வாத்தியார். டாக்டர் சொன்னபடி மூச்சுப் பிடிக்கவில்லை, வாத்தியார் சொன்னபடி தூக்கியும் ஆயிற்று, பின்னே தலை ஏன் சுற்றுகிறது? யார் பேரில் தப்பு என்று புரியாமல் வீட்டுக்கு நடந்தார். பயமாகவும் இருந்தது.

கூட வேலை பார்த்த கோவிந்தசாமியை வழியில் பார்த்தார். அவர் இவருடைய முகத்தைப் பார்த்தே, "சிதம்பரத்துல ரஃபியுதீன் பாய்கிட்ட போங்க. என் தோள்பட்டைய அவருதான் சரி பண்ணாரு. சும்மா தூக்கவிட மாட்டாரு" என்றார்.

மறுநாள் ரயிலேறினார். சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. லால்பேட்டைக்காரரான ரஃபியுதீனுக்கு ஐம்பது வயதிருக்கும், மீசை இல்லாத தாடி. முதலில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். என்ன மாத்திரை, எப்போது சாப்பிட்டீர்கள், எங்கே வலி என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, "எதைத் தூக்கணும்?" என்றார்.

தேவநாதன் தயங்கினார். "சம்சாரத்த."

ரஃபியுதீன் சிரிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு இரும்பு வேணாம். இந்த நாற்காலிதான். ஒக்காந்து எழுந்திரிங்க, மெதுவா. எழுந்திரிக்கறப்ப மூச்ச விடுங்க."

"மூச்சுப் பிடிக்கக் கூடாதுன்னாரு டாக்டர்."

"அதத்தான் ஐயா நானும் சொல்றேன்."

"விட்டா பிடிச்சுக்கும்."

"பிடிக்காதீங்கன்னுதானே சொல்றேன்!"

"நானா பிடிக்கிறேன்? அதுவா பிடிக்குது, முதுகுல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! டாக்டர் முதுகுப் பிடிப்பச் சொல்லல ஐயா. மூச்ச உள்ள அடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அடக்கினா பிரஷர் எகிறும், மயக்கம் போடும். நீங்க அடக்கிக்கிட்டா தூக்கினீங்க?"

"மூணு நாள்."

"பொழச்சு வந்திருக்கீங்க." பாய் தண்ணீர் கொடுத்தார். "இனிமே தலை சுத்தினா அங்கியே நிறுத்தணும், வெக்கப்படக் கூடாது. எழுந்திரிக்கற வரைக்கும் வாய் விட்டுப் பேசுங்க. பேசறவனால மூச்ச அடக்க முடியாது."

தேவநாதன் விழித்தார். "என்ன பேசறது?"

"எதையாச்சும்."

நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே "வரேன்" என்றார்.

"பாதி வழியில பேச்சு முடிஞ்சுபோச்சே! ஜாஸ்தி பேசுங்க ஐயா."

மண்டையைக் குடைந்து பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில் ரயிலில் கடந்த ஊர்கள்தான் ஞாபகம் வந்தன. "கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை…" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். எழுந்து நின்றபோது சுவர் ஆடவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் போனார். தில்லையம்மாளிடம் "சிதம்பரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவள் நடராஜரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பாய் சொல்லும்வரை வீட்டில் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அதுவரை தங்கம்மாளும் அவள் மகளும் தூக்கினார்கள். போகிக்கு முந்தின நாள் பாயே கட்டிலில் உட்கார்ந்து, "நான்தான் உங்க சம்சாரம், தூக்குங்க" என்று தாடியோடு கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒரு கால் முன்னே, முழங்கால் மடக்கி, ஆளை நெஞ்சோடு அணைத்து, ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே. பரங்கிப்பேட்டை வருவதற்குள் பாய் நின்றுவிட்டார். "இனிமே வூட்ல தூக்கலாம்" என்றார்.

போகியன்று காலையில் பழனிவேல் வந்தான். வந்ததும் அம்மாவின் துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தான். தேவநாதன் கட்டிலுக்கு அருகில் போய் நின்றார்.

"இரு. தூக்கறேன்."

"வேணாம்பா, திரும்பவும் விழுவீங்க" என்று அவன் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"கழுத்தப் புடிச்சிக்க" என்றார் மனைவியிடம். முழங்காலை மடக்கினார். "கடலூர் துறைமுகம்… ஆலப்பாக்கம்… புதுச்சத்திரம்…"

"அப்பாவுக்கு என்னாச்சும்மா?" என்று அலறினான் மகன்.

தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு துவண்டு கனத்தது. பரங்கிப்பேட்டை வந்தும் பாதிதான் எழுந்திருந்தாள். கிள்ளை. சிதம்பரம். அதற்கப்பால் வல்லம்படுகை, கொள்ளிடம் என்று அவருக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. மூச்சு தானாக நெஞ்சில் அடைக்கப் பார்த்தது. எதையாச்சும் பேசுங்க ஐயா! எதை?

"நீ போவாத" என்று வந்தது. "நீ பட்டணம் போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்? நான் தூக்கறேன், தில்லை. தெனம் தூக்கறேன். வூட்டுல நீ இல்லாம எனக்கு ஒண்ணும் புரியாது. எனக்குப் பயமா இருக்கு."

தந்தியில் அனுப்ப முடியாத அளவு வார்த்தைகள். அவை முடிந்தபோது தில்லையம்மாள் நேராக நின்றுகொண்டிருந்தாள். பழனிவேல் பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்தப்ப மட்டும் என்னாத்தப் பேசிக் கிழிச்சீங்க?" என்றாள் அவள்.

தேவநாதன் "சரி" என்றார். தடியை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை, அவர் கழுத்திலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"ஒக்கார வெச்சு இன்னொரு தரம் தூக்குங்க" என்றாள். "மிச்சத்தையும் கேக்கணும்."